மோட்டாரை மாற்றினால் பிரஷர் வருமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் யாரிடமாவது "வீட்டுல தண்ணி சரியா வரலை" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "மோட்டார் போயிருக்கும் சார், மாத்திடுங்க." கொஞ்சம் விவரமான ஆள் என்றால் கூடவே ஒரு இலவச ஆலோசனையும் வரும். "அரை ஹெச்.பி. எல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது. ஒண்ணரையா போட்டுடுங்க, பிச்சுக்கிட்டு வரும்."

பிச்சுக்கிட்டு வருமா? பல வீடுகளில் வருவதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது மோட்டார் போட்ட பிறகும், மேல் மாடி ஷவர் பழையபடி அழுது வடிகிறது. கரண்ட் பில் மட்டும்தான் பிச்சுக்கிட்டு வருகிறது!

பழுது பார்க்காமல் பம்ப் மாற்றும் இந்தப் பழக்கம் குடும்பத்தின் பணத்தைத் தின்கிறது. அதைவிட மோசம், பக்கத்து வீட்டுக்காரரின் போர் தண்ணீரையும் தின்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். அவசரமாக மோட்டார் கடைக்குக் கிளம்பியிருப்பவர்கள் ஒரு பத்து நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி

ஷவரில் தண்ணீர் மெதுவாக வருகிறது. அந்த நேரத்தில் மோட்டார் ஓடுகிறதா?

இந்தப் பகுதியின் சாதாரண வீடு எப்படி இருக்கும்? கீழே ஒரு சம்ப் அல்லது போர். அதிலிருந்து மோட்டார் தண்ணீரை மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றும். டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு டேங்கிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது புவியீர்ப்பு விசையால் மட்டுமே. மோட்டாருக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது! டேங்க் நிறைந்திருந்தும் ஷவர் அழுதால், அந்த மோட்டாரைத் தூக்கிவிட்டு ராக்கெட் என்ஜின் வைத்தாலும் ஷவர் அழத்தான் செய்யும்.

கணக்கு ரொம்ப எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டில் மொட்டை மாடி சுமார் 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். தரைத்தளக் குழாய் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு மேல் 5 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. அதாவது அரை பார், பரவாயில்லை. ஆனால் முதல் மாடி ஷவர்? அதன் தலைக்கு மேல் இருப்பது ஒரே ஒரு மீட்டர்தான். 0.1 பார். "கீழ் வீட்டுல நல்லா வருது, எங்களுக்குத்தான் வரலை" என்று மாடிக் குடித்தனக்காரர் புலம்புவதன் ரகசியம் இதுதான். வீட்டுக்காரர் ஓரவஞ்சனை செய்யவில்லை, இயற்பியல்தான் செய்கிறது.

அதே டேங்கை 2 மீட்டர் உயர்த்தி மாடிப்படி அறையின் கூரைமேல் வைத்தால், ஷவருக்கு 1 மீட்டர் 3 மீட்டராகிறது. அழுத்தம் மூன்று மடங்கு. கரண்ட் செலவில் பெரிய மாற்றம் இல்லை. (ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை. கூரை தாங்குமா என்று விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது.)

உயரம் போதுமான அளவு இருந்தும் வரவில்லையா? அப்போது குற்றவாளி வழியில்தான் ஒளிந்திருக்கிறான். பாதி மூடியிருக்கும் கேட் வால்வு. குழாய் முனையிலுள்ள வலையில் அடைத்துக்கொண்ட மண். உப்புத் தண்ணீரால் உள்ளே படிவு கட்டி, இரத்தக் குழாய் அடைப்பு மாதிரி சுருங்கிப்போன பழைய இரும்புக் குழாய். காற்று சிக்கிக்கொண்டு நிற்கும் ஏர் லாக். டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு ஏர் வென்ட் பைப் நிறுத்தியிருந்தால் வராத தொல்லை இது. காசு மிச்சம் பிடிக்க ஒரு அங்குலம் போட வேண்டிய இடத்தில் அரை அங்குலக் குழாய் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீர் போக உராய்வு இழப்பு ஏறக்குறைய 30 மடங்கு கூடும்.

இதில் எதையும் புது மோட்டார் சரி செய்யாது.

குளிர் தேசத்திலும் இதே கதை

நம்மூரில் மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக வைக்க பாய்லரிலிருந்து வெந்நீரை அறை அறையாகச் சுற்றவிடுகிறார்கள். சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களில் வெந்நீர் ஓடும். அதைச் சுற்றவிட ஒரு சின்ன பம்ப். மூடிய சுற்று என்பதால் ஒரு அழுத்தமானியும் இருக்கும். குளிர்ந்த நிலையில் முள் 1 பாரிலிருந்து 1.5 பாருக்குள் நிற்க வேண்டும்.

முள் இறங்கிக்கொண்டே போனால் அங்கேயும் சிலர் பம்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்த பம்பின் வேலை தண்ணீரைச் சுற்றவிடுவது. சுற்றில் இருக்கும் அடிப்படை அழுத்தத்தை அது உண்டாக்குவதில்லை. முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. அல்லது சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலத்தில் காற்று இறங்கிவிட்டது. பம்பை மாற்றினால் முள் ஏறாது, பர்ஸ்தான் இறங்கும்.

இந்த விரிவுக் கலத்தின் தம்பி ஒருவன் நம்மூரிலும் இருக்கிறான். புது அடுக்ககங்களிலும், கொஞ்சம் வசதியான வீடுகளிலும் மொட்டை மாடியில் பிரஷர் பூஸ்டர் பம்ப் வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் சில இடங்களில் சிவப்பு அல்லது நீல நிறத்தில் உருண்டையாக ஒரு பிரஷர் டேங்க் இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. அந்தக் காற்று இறங்கிப்போனால், குழாயை லேசாகத் திறந்தாலே பம்ப் டக் என்று ஓடும், டக் என்று நிற்கும். மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க இதே கூத்து.

இதைக் கேட்டதும் "பம்ப் அவுட்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் செய்ய வேண்டியது என்ன? பம்பை நிறுத்தி, மெயினை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, டேங்கின் முனையிலுள்ள வால்வில் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கார் டயரில் இருக்கும் அதே மாதிரி வால்வுதான், அதே அளவுமானி போதும். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே காற்று இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கைப் பம்பினாலேயே அடித்துவிடலாம். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது. பையை மாற்ற வேண்டும், பம்பை அல்ல. காற்று சரியாக இருந்தும் கூத்து தொடர்ந்தால் எங்கோ ஒரு குழாயோ, கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

சரி, டேங்க் நிறையவே நேரம் ஆகிறதே?

இது நியாயமான கேள்வி. இங்கேதான் மோட்டார் உண்மையிலேயே சந்தேக வளையத்துக்குள் வருகிறது. ஆனாலும் அது ஒன்று மட்டும் அல்ல.

சம்பில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காது. ஒவ்வொரு முறையும் மேலே ஊற்றி ஊற்றித்தான் மோட்டாரைக் கிளப்ப வேண்டும். உறிஞ்சு குழாயின் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் காற்று உள்ளே போகும், தண்ணீர் குறையும். கப்பாசிட்டர் பலவீனமானால் மோட்டார் "ம்ம்ம்" என்று உறுமும், சுற்றாது. கப்பாசிட்டர் சில நூறு ரூபாய் சமாச்சாரம். வோல்டேஜ் குறைந்தால்? இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், விசை கிட்டத்தட்ட 61 சதவீதமாகிவிடும். கோடையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும் சாயங்காலத்தில் முக்கும் மோட்டார், விடியற்காலையில் ஜம்மென்று ஓடுகிறதா? அப்போது மோட்டார்மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று. தரைமேல் வைக்கும் சாதாரண மோட்டார், தண்ணீரை உறிஞ்சுவது காற்று மண்டலத்தின் அழுத்தத்தை நம்பித்தான். கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர் எல்லை. நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர். கிணற்றில் தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால், 1 ஹெச்.பி.யை 5 ஹெச்.பி. ஆக்கினாலும் ஒரு சொட்டு ஏறாது. மேலிருந்து இழுப்பதை விட்டுவிட்டுக் கீழே இறங்கித் தள்ள வேண்டும். அதனால்தான் ஜெட், கம்ப்ரசர், கடைசியில் சப்மெர்சிபிள் என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஹெச்.பி. என்பது பிரஷர் அல்ல. மோட்டாரின் பெயர்ப் பலகையில் "ஹெட்" என்று மீட்டரிலும், எவ்வளவு தண்ணீர் என்று லிட்டரிலும் போட்டிருப்பார்கள். ஹெட் கூடக் கூடத் தண்ணீர் குறையும். வீட்டின் உயரத்துக்கும் போரின் ஆழத்துக்கும் எந்த ஹெட் பொருந்துகிறதோ அதுதான் நல்ல பம்ப். சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறவர்கள், பம்ப் வாங்கும்போது மட்டும் "இருக்கிறதிலேயே பெரிசா கொடுங்க" என்றால் எப்படி?

இதற்குக் காமர்ஸ் பாடத்தில் பெயர் இருக்கிறது

பம்ப் தயாரிப்பில் தமிழ்நாடு சளைத்தது இல்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூர், இன்று நாட்டின் பம்ப் தலைநகரங்களில் ஒன்று. சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்று தர அளவுகோல்களும் இருக்கின்றன. நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் தவறான பம்ப் வீட்டுக்கு வருகிறது?

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில சேவைகளின் தரத்தை வாங்குவதற்கு முன்பும் அறிய முடியாது, வாங்கிய பிறகும் அறிய முடியாது. நம்ப மட்டுமே முடியும். அவர்கள் காட்டிய முக்கியமான உதாரணமே பழுது பார்க்கும் தொழில்தான். என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்பவரும், அதைச் சரி செய்து காசு வாங்குபவரும் ஒரே ஆள். மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்று வீட்டுக்காரருக்கு எப்போதும் தெரியப் போவதில்லை. பழையது அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விடும்!

உடனே "பிளம்பர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு பிளம்பர் வருகிறார். ஒரு மணி நேரம் சம்ப், வால்வு, குழாய், டேங்க் எல்லாம் பார்க்கிறார். "மோட்டார் நல்லா இருக்கு சார், மேல வால்வுதான் பாதி மூடியிருந்தது, திறந்துட்டேன்" என்கிறார். அவருக்கு எவ்வளவு கொடுப்பார்கள்? "வால்வைத் திருப்பினதுக்கா ஐந்நூறு?" என்று சண்டைக்கு வருவார்கள். அதே ஆள் புது மோட்டாரை மாட்டிவிட்டுப் போனால், கூலியோடு டீயும் கொடுத்து அனுப்புவார்கள். உண்மை சொன்னவருக்கு நூறு ரூபாய், பொருள் விற்றவருக்கு ஆயிரம் ரூபாய் என்று ஊரே சேர்ந்து விதி வகுத்துவிட்டு, அப்புறம் உண்மை கிடைக்கவில்லை என்று அழுதால் யார் பொறுப்பு?

டாக்டருக்கு மாத்திரை விற்ற கமிஷன் மட்டும்தான் வருமானம், பார்த்ததற்கு ஃபீஸே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் மாத்திரை இல்லாமல் வீடு திரும்புவார்கள்? மோட்டார் விஷயத்தில் நடப்பது அதுதான்.

பெரிய மோட்டார், சின்ன மனசு

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் போரில் பெரிய மோட்டார் இறக்குவது ஒரு வீட்டோடு முடியும் விஷயம் இல்லை.

போரில் தண்ணீர் ஊறும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதைவிட வேகமாக இழுத்தால், போரைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல் மாதிரி உள்வாங்கும். அந்தப் புனலின் ஓரத்தில் இருப்பது பக்கத்து வீட்டு போர். அவர் போர் காற்று வாங்கும். அவர் இன்னும் ஆழமாகத் தோண்டி இன்னும் பெரிய மோட்டார் இறக்குவார். இப்போது இவர் போர் காற்று வாங்கும். தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டார் சூடேறிக் காயில் கருகும். "கம்பெனி மோட்டாரே சரியில்லை" என்று திட்டிவிட்டு மறுபடி கடைக்கு ஓடுவார்கள். தெருவில் கடைசியாகத் தோற்பவர் யார்? மறுபடி போர் போடக் காசில்லாதவர். குடம் தூக்குவது அவர் வீட்டுப் பெண்கள்தான்.

இது கற்பனை இல்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. பூந்தமல்லியை ஒட்டியிருக்கும் செம்பரம்பாக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடி, அம்பத்தூர் ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் அந்த ரயில் வந்தது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இருந்த வீடுகளில் எத்தனை ஹெச்.பி. இருந்தது! போரில் தண்ணீர் இல்லாதபோது ஹெச்.பி.யை வைத்து என்ன செய்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமானது. அதே காலத்தில் போட்ட மழைநீர்க் குழிகள் பல வீடுகளில் தூர்ந்துபோய், மேலே பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது. மோட்டாருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், குழியைத் தூர்வார ஒரு நாள் கூலி கொடுக்க யோசிக்கிறார்கள்.

இன்னும் சிலர் குடிநீர்க் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். இது விதிமீறல் என்பது ஒரு பக்கம். குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துபோனால், விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடையையும் அது உள்ளே இழுக்கும். பிறகு முழுத் தெருவும் அதைத்தான் குடிக்கும், மோட்டார் வைத்தவர் உட்பட.

2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம். அவர் 1965-இல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதே பிரச்சினையைத்தான். லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு நிலத்தடி நீர்ப்படுகை. எல்லோரும் போட்டி போட்டு இறைத்ததில் கடல்நீர் உள்ளே புக ஆரம்பித்தது. கடைசியில் இறைப்பவர்களே உட்கார்ந்து பேசி, நீதிமன்றத்தின் துணையோடு ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்துக்கொண்டார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர்ப் பக்கமும் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து பேசினார்கள். இங்கே மோட்டார் கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

"காலை ஆறு மணிக்கு ஆராய்ச்சியா?"

இப்படி ஒரு எதிர்வாதம் வரும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, இதில் டார்பியும் ஆஸ்ட்ரமும் எதற்கு என்று கேட்பார்கள். நியாயம்தான். அந்த நேரத்தில் யாரும் தத்துவம் பேச முடியாது. அதனால்தான் மோட்டார் நன்றாக ஓடும்போதே கொஞ்சம் கணக்கு எழுதி வைக்க வேண்டும்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. காலி டேங்க் நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று மாதம் ஒரு முறை பார்த்துச் சுவிட்ச் பக்கத்திலேயே தேதியோடு எழுதுங்கள். 1000 லிட்டர் டேங்க் 20 நிமிஷத்தில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 50 லிட்டர். அது 25 நிமிஷமாகி, 30 நிமிஷமாகிப் படிப்படியாக ஏறினால் இம்பெல்லர் தேய்கிறது, அல்லது நீர்மட்டம் இறங்குகிறது. ஒரே நாளில் 20 நிமிஷம் 40 ஆனால் கசிவையோ, வால்வையோ, வோல்டேஜையோ சந்தேகப்படுங்கள். 1 ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் கூடுதல். சுவரில் எழுதிய நாலு எண்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடும். பிளம்பரிடம் காட்டினால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

பிளம்பரை அழைக்கும்போதே "பார்க்கிறதுக்குத் தனியா ஃபீஸ் தந்துடறேன், மோட்டார் மாத்தினாலும் மாத்தாட்டியும்" என்று சொல்லிவிடுங்கள். வோல்டேஜ், கப்பாசிட்டர், ஃபுட் வால்வு, குழாய், நீர்மட்டம் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கவரைத் திறக்கும் வேலை எதுவானாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான். தண்ணீரும் கரண்டும் சேர்ந்த இடத்தில் வீரம் வேண்டாம். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதையும் அதே வருகையில் பார்த்துவிடலாம்.

அதற்காக மோட்டாரை மாற்றவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று முறை காயில் கட்டி, உடம்பு துருப்பிடித்து, சூடேறி நிற்கும் மோட்டாருக்கு நாலாவது முறையும் காயில் கட்டுவது வீண். "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே" என்று தொடர்வதைக் காமர்ஸில் மூழ்கிய செலவு என்பார்கள். போனது போனதுதான், அதை இனிமேல் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீர்மட்டம் நிரந்தரமாக இறங்கி, பழைய பம்பின் ஹெட் போதவில்லை என்றாலும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் போர் ஊறும் அளவுக்குப் பொருந்துகிற பம்பாக, தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் ட்ரை ரன் பாதுகாப்போடு. ஒண்ணரை ஹெச்.பி. வேண்டாம், அரை ஹெச்.பி. போதும் என்று பிளம்பர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் நம்பரைப் பத்திரமாக எழுதி வையுங்கள்!